ஸ்கேன் மேடையில் படுக்கும் முன் சொல்லிவிடுங்கள்

கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உடல்நலக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு சகோதரி எழுந்து, "வயித்துக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஊசியில மருந்து ஏத்தி எடுப்பாங்களாம். அது என்னன்னு தெரிஞ்சா தைரியமா போவேன்" என்று கேட்டார். கூட்டம் கலையும்போது இன்னும் நாலைந்து பேர் வந்து அதையே கேட்டார்கள். அதனால் இந்த மாதம் அதைப் பற்றியே பேசுகிறோம்.

நாங்கள் டாக்டர்கள் இல்லை. யாருக்கு ஸ்கேன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்வது அவர்கள் வேலை. அங்கே போனால் என்ன நடக்கும், நாம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதுதான் நம் வேலை. அதைத்தான் இங்கே பேசுகிறோம்.

இது எந்த ஸ்கேன்?

நம் ஊரில் ஸ்கேன் என்றாலே பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுப்பது என்று நினைக்கிறோம். அது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். ஒலியை வைத்துப் படம் எடுப்பது. அதில் கதிர் கிடையாது. சி.டி. ஸ்கேன் வேறு. அது எக்ஸ்ரே கதிரை வைத்து எடுப்பது.

சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு பக்கமிருந்து ஒரு படம் எடுப்பார்கள். சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் நம்மைச் சுற்றிச் சுழன்று, எல்லாப் பக்கமும் இருந்து பார்க்கும். கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு, வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி அடுக்கினது போல வயிற்றின் உள்பக்கத்தைக் காட்டும். இந்த மிஷினை உருவாக்கியவர் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இன்ஜினியர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மிஷின் பெரிய வளையம் மாதிரி இருக்கும். குகை மாதிரி நீளமாக இருக்காது. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். மூச்சு முட்டாது.

மருந்து எதற்கு ஏற்றுகிறார்கள்?

வயிற்றுக்குள் ஈரல், கணையம், மண்ணீரல், சிறுநீரகம், குடல், கர்ப்பப்பை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டினது போல இருக்கின்றன. வெறும் படத்தில் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றினால் ரத்தம் ஓடும் இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். எங்கே கட்டி இருக்கிறது, எங்கே சீழ் பிடித்திருக்கிறது, எங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் பிரித்துப் பார்க்க முடியும். இதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுமார் 100 மில்லி ஏற்றுவார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியே போய்விடும்.

எல்லா வயிற்று வலிக்கும் இது தேவையில்லை. பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்டே முதலில் நல்லது. சிறுநீரகக் கல்லைப் பார்க்க மருந்து ஏற்றாத சி.டி.யே பெரும்பாலும் போதும். அதனால் "இந்த ஸ்கேன்ல எதைப் பார்க்கப் போறீங்க டாக்டர்?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பது தப்பில்லை. அதே சமயம், பக்கத்து வீட்டில் எடுத்தார்கள் என்று நாமே போய் "எனக்கும் எடுங்க" என்று நிற்பதும் வேண்டாம்.

சொல்ல வேண்டிய ஆறு விஷயங்கள்

சகோதரிகளே, இன்றைக்கு நாங்கள் சொல்வதில் முக்கியமானது இதுதான். மிஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நம் வாயில் இருந்து வர வேண்டிய சில விஷயங்கள் வந்தால்தான் அந்த ஸ்கேன் நமக்குப் பாதுகாப்பு.

ஒன்று, சிறுநீரகம். ஏற்றின மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது பழுதாகியிருந்தால் யோசித்துத்தான் ஏற்றுவார்கள். அதைத் தெரிந்துகொள்ள கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. சுகர், பி.பி. உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரும்பாலும் முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வீண்.

இரண்டு, சாப்பிடும் மாத்திரைகள். பாகலூர் பக்கம் பூ பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி, முதுகு வலிக்காக மெடிக்கலில் வாங்கி இரண்டு வருஷமாகத் தினமும் வலி மாத்திரை போட்டுவந்தார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டபோது, டாக்டர் எழுதித் தந்ததை மட்டும் சொன்னார். வலி மாத்திரை அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் கூடுதலாக வந்தது. ஸ்கேனை நிறுத்திவிட்டார்கள். "லீவு போட்டு வந்தேனே" என்று அவருக்கு ஒரே கோபம். பிறகு நிதானமாக விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாத்திரையை நிறுத்தி, வைத்தியம் பார்த்து, அதற்குப் பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். தப்பியது அவருடைய சிறுநீரகம். அதனால் சகோதரிகளே, மெடிக்கலில் வாங்குவது, நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை என்பதே இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஆரம்பிக்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியதை மறுபடி ஆரம்பிக்கவும் மறக்காதீர்கள்.

மூன்று, அலர்ஜி. முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்து ஏற்றி உடம்பில் தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, மற்ற மருந்து அலர்ஜி இருந்தாலும் சொல்லுங்கள். "எனக்கு மீனு, இறால் ஆகாது. அதனால இந்த ஊசியும் ஆகாது" என்று சிலர் பயப்படுகிறார்கள். அது பழைய நம்பிக்கை. இறால் அலர்ஜிக்கும் இந்த மருந்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் சொல்லி வையுங்கள், அவர்கள் முடிவு செய்வார்கள்.

நான்கு, தைராய்டு. மருந்தில் அயோடின் இருப்பதால், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறவர்களும் கழுத்துக் கழலை உள்ளவர்களும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்து, வயிற்றில் குழந்தை. கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு இளம் சகோதரி வயிற்று வலி என்று ஸ்கேனுக்குப் போனார். "கர்ப்பமா இருக்கீங்களா? மாதவிலக்கு எப்ப வந்தது?" என்று சிஸ்டர் கேட்டபோது மாமியார் பக்கத்தில் நின்றார். நாள் பத்து தள்ளிப்போயிருந்தும், "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த சிஸ்டர், துணி மாற்றும் அறைக்குத் தனியாகக் கூட்டிப்போய் மறுபடி கேட்டார். அப்போது சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது. சி.டி.யை விட்டுவிட்டு அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி ஒரு சிஸ்டர் கிடைப்பார் என்று நம்பி இருக்க முடியுமா? கணவர், மாமியார், அண்ணன் யார் பக்கத்தில் நின்றாலும், "சிஸ்டர், உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் சொல்லணும்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நாள் தள்ளியிருந்தால் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள். கர்ப்பிணியின் உயிருக்கே ஆபத்து என்றால் டாக்டர் யோசித்து எடுக்கச் சொல்லலாம். தெரிந்து எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

ஆறு, பால் கொடுக்கும் தாய்மார்கள். தாய்க்கு ஏற்றின மருந்தில் மிக மிகச் சிறிய அளவுதான் பாலில் போகும். அதனால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றே இப்போது சொல்கிறார்கள். ஆனாலும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பர்-டி போட்டவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்கள், சிசேரியன் ஆனவர்கள் அதையும் சொல்லுங்கள். இவற்றால் ஸ்கேனுக்குத் தடை இல்லை. படம் பார்க்கும் டாக்டருக்குக் குழப்பம் இருக்காது.

முதல் நாளும் அன்றைக்கும்

பெரும்பாலான இடங்களில் நாலு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். சில இடங்களில் ஆறு மணி நேரம். உங்களுக்குக் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. சாப்பிடக் கூடாது என்றால் தண்ணீரும் கூடாது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். தண்ணீர் குடிக்கலாமா என்று கேளுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகத்துக்குத்தான் கஷ்டம். முதல் நாள் இரவு களியும் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிடாமல் அளவாகச் சாப்பிடுங்கள்.

சுகர் உள்ளவர்கள் காலையிலேயே முதல் ஆளாக எடுக்க நேரம் கேளுங்கள். சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சுகர் இறங்கி மயக்கம் வரும். எதைப் போடலாம், எதை விடலாம் என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பையில் இரண்டு வாழைப்பழமோ பிஸ்கட்டோ வைத்திருங்கள். முடிந்தவுடன் சாப்பிடலாம்.

சிலருக்குக் குடிக்கவும் மருந்து கொடுப்பார்கள். தண்ணீரில் கலந்து ஒரு லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குடல் நன்றாகத் தெரிவதற்காக இது. ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும். பிறகு ஒன்றிரண்டு முறை பேதி ஆகலாம், பயப்பட வேண்டாம். ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படாமல் அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உடை விஷயமும் முக்கியம். ஜரிகைப் புடவை, ஊக்கு, கொக்கி, வெள்ளி அரைஞாண் இவை படத்தில் கோடு கோடாக விழும். பருத்தி நைட்டி அல்லது ஜிப் இல்லாத சுடிதார் போட்டுப் போங்கள். அங்கே மாற்று உடையும் தரலாம். தாலிச் சங்கிலி வயிறு வரை தொங்கினால் மேலே ஏற்றி வைக்கச் சொல்வார்கள். கழற்றச் சொன்னால் கூட வந்தவரிடம் கொடுத்து வையுங்கள். அதனால் ஒரு குறையும் வராது. மற்ற நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் சீட்டு, டாக்டர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியும்.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் ஒப்புதல் படிவம் தருவார்கள். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதன்முதலாக ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 2004-ல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம். கைநாட்டு வைத்த நம் அம்மாக்கள் குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்ற மண் இது. கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. இந்தப் படிவத்தையும் அப்படியே படியுங்கள். புரியவில்லை என்றால், "தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள்.

கையில் ஊசி போட்டு ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். மேடையில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். ஊழியர்கள் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுவார்கள். நம்மை விட்டுவிட்டுப் போகவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பேசினால் கேட்கும்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு குரல் வரும். நம் ஓசூர்ப் பக்கத்துக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. பெங்களூரு போனால் அந்தக் குரல் கன்னடத்திலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ வரலாம். கன்னடத்தில் 'உசிரு' என்றாலும் தெலுங்கில் 'ஊபிரி' என்றாலும் இந்தியில் 'சாஸ்' என்றாலும் மூச்சுதான். புரியாமல் மூச்சு விட்டால் படம் கலங்கிப்போகும். அதனால் படுக்கும் முன்பே, "எப்ப மூச்சைப் பிடிக்கணும், எப்ப விடணும்?" என்று கேட்டு, ஒரு முறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும். வாயில் இரும்பை நக்கினது போல ருசி வரும். தெரியாமல் சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது. இது பலருக்கும் வருவதுதான், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்பே தெரிந்துகொண்டால் பயந்து எழுந்திருக்க மாட்டோம்.

ஆனால் ஊசி போட்ட இடத்தில் கடுகடுவென்று வலித்து வீங்கினாலோ, அரிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல் வந்தாலோ உடனே சத்தமாகச் சொல்லுங்கள். அங்கே பொறுமை காட்ட வேண்டாம். இப்போதைய மருந்துகளில் கடுமையான ஒவ்வாமை பத்தாயிரம் பேரில் சுமார் நான்கு பேருக்குத்தான் வருகிறது. உடனே சொன்னால் அங்கேயே மருந்து கொடுத்துச் சரிசெய்வார்கள்.

முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பஸ் போய்விடும் என்று ஓடாதீர்கள். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, அன்று நிறையத் தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பில் தடிப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கதிர் பயம்

"கதிர் உடம்புல தங்கிடுமா?" என்று கேட்கிறார்கள். தங்காது. மிஷினை நிறுத்தியவுடன் கதிர் நின்றுவிடும். வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கலாம், சமைக்கலாம். தீட்டு ஒன்றும் கிடையாது.

கதிர் அளவு எவ்வளவு? மண், கல், காற்று, வானம் இவற்றில் இருந்து உலகத்தில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர் படுகிறது. வயிற்று சி.டி. ஒரு முறை எடுத்தால் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். அதாவது மூன்று நான்கு வருஷத்துக் கதிர் ஒரே நாளில். தேவைக்கு எடுத்தால் பயன்தான் பெரிது. தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் கூடாது. போன மாதம் எடுத்த படத்தைத் தொலைத்துவிட்டு மறுபடி எடுப்பது காசுக்கும் நஷ்டம், உடம்புக்கும் நஷ்டம். பிலிம், சி.டி. தட்டு, ரிப்போர்ட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

ஸ்கேன் என்றவுடன் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறோம். அல்லது மீட்டர் வட்டிக்காரரிடம் போகிறோம். அதற்கு முன் மூன்று கதவுகளைத் தட்டுங்கள்.

முதல் கதவு அரசு மருத்துவமனை. நம்மைப் பொறுத்தவரை ஓசூர் அரசு மருத்துவமனை, அடுத்தது போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் வெளியே வாங்குவதை விட மிகக் குறைந்த கட்டணம்தான். முதலில் அங்கே விசாரியுங்கள்.

இரண்டாவது கதவு ஈ.எஸ்.ஐ. நம் வீட்டில் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால், அவருக்கு மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவரை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. முதலில் ஈ.எஸ்.ஐ. டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தனியாரில் எடுத்துவிட்டுப் பிறகு பில்லோடு அலைவது கஷ்டம்.

மூன்றாவது கதவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் அதில் உண்டு. உங்கள் ஸ்கேன் அதில் வருமா, எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு போகிறவர்கள், நம் அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள். அவசரத்தில் எல்லை தாண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மூன்று கதவும் திறக்கவில்லை என்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள். வைத்தியக் கடனை முதலில் தருவது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போட்டு வைக்கலாம்.

ரிப்போர்ட் வந்த பிறகு

ரிப்போர்ட்டை வாங்கியவுடன் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து அர்த்தம் கேட்கிறோம். அதில் 'லீஷன்' என்று இருந்தால் புற்றுநோய் என்று அழுகிறோம். லீஷன் என்றால் அந்த இடம் மற்ற இடத்தைப் போல இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். 'சிஸ்ட்' என்றால் நீர்க்கட்டி. சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி பலருக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது. அதே மாதிரி, "வலி நின்னுடுச்சு, ரிப்போர்ட்ட எதுக்குக் காட்டணும்" என்று பீரோவில் வைத்துவிடுவதும் தப்பு. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டினால்தான் அந்த ஸ்கேன் முடிந்தது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்கேனுக்குப் போகும் உறுப்பினரோடு அவர் விரும்பினால் குழுவில் இருந்து ஒருவர் துணைக்குப் போங்கள். வீட்டார் முன்னால் சொல்ல முடியாததைக் குழுத் தோழியிடம் சொல்வார்கள். அந்த ஆறு விஷயங்களையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு குழுவின் தீர்மான நோட்டிலும் ஒட்டி வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்களுக்கும் போய்ச் சேரட்டும். சந்தேகம் இருந்தால் 104-ல் கேட்கலாம்.